புகார் இல்லாத நாட்கள்

யோசனை யாருடையது என்று கேட்டால், அறிவியல் டீச்சருடையதுதான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

டீச்சரின் வீட்டுக்காரர் தகரத் தகடு வெட்டும் ஆலையில் மேற்பார்வையாளர். ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. மேலே கொட்டை எழுத்தில் 'விபத்து இல்லாத நாட்கள்'. கீழே எண்களை மாட்ட மூன்று கொக்கிகள். தினமும் காலையில் காவலாளி பழைய எண்ணைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவார். யாராவது விரலை நசுக்கிக்கொண்டால் மறுபடி பூஜ்ஜியம். ஒரு நாள் கணவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது டீச்சர் அதைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். விட்டாரா?

அந்த வருடம்தான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. பிள்ளைகளைப் பிள்ளைகளே கொடுமைப்படுத்துவதைத் தடுக்க ஒவ்வொரு பள்ளியும் என்ன செய்யப்போகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் அதைப் படித்துவிட்டு, "யாராவது ஏதாவது சொல்லுங்கப்பா" என்றார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் எழுந்து பலகையைப் பற்றிச் சொன்னார். தலைமையாசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறு வாரமே எல்லா வகுப்புக் கதவிலும் ஒரு பலகை தொங்கியது. 'புகார் இல்லாத நாட்கள்.' எழுத்தில் ஒரு புகார் வந்தால் பூஜ்ஜியம். நூறு நாளை எட்டும் வகுப்புக்குக் கடற்கரைக்கு ஒரு நாள் சுற்றுலா.

அடேயப்பா, பிள்ளைகள் மாறிய மாற்றம்! புகார்ப் பெட்டியில் சிலந்தி வலை கட்டியது. பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதிலும் டீச்சரின் சொந்த வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேர், எல்லா வகுப்பையும் முந்திக்கொண்டு ஓடியது. டீச்சருக்குத் தலை கால் புரியவில்லை. சத்தம் இல்லாத வகுப்பைப் பார்த்தால் எந்த டீச்சருக்குத்தான் மனசு நிறையாது? சத்தம் எங்கே போனது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அந்த வகுப்பில் தையல்காரரின் மகள் ஒருத்தி இருந்தாள். ஒல்லிப் பெண், ஜன்னலோர பெஞ்ச். பள்ளிச் சீருடை முழுக்க அவள் அப்பாதான் தைத்துக் கொடுப்பார். வருட ஆரம்பத்தில் வகுப்பு லீடரின் பாவாடையில் அளவு தப்பிவிட்டது. நாலு விரல் கட்டை. அதை அவர் இரண்டே நாளில் மாற்றித் தந்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு நாளும் பக்கத்து வகுப்புப் பையன்கள் லீடரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளால் அதை மறக்க முடியவில்லை. தையல்காரரை ஒன்றும் செய்ய முடியாது. மகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

லீடர் கையில் ஒரு மரக்கட்டை இருக்கும். வகுப்பின் பெயர் எழுதிய கட்டை. பாடம் நடக்கும்போது கழிவறைக்குப் போகிறவள் அதை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவில் யாரும் சுற்றித் திரியக் கூடாது என்பதற்காகப் பள்ளி செய்திருந்த ஏற்பாடு. தையல்காரர் மகள் கேட்டால் கட்டை இல்லை. "இப்பதான் ஒருத்தி போயிருக்கா." "பெல் அடிக்கப் போகுது, அடக்கிக்கோ." இடைவேளையில் போகலாம் என்றால், கழிவறை வாசலில் லீடரும் மூன்று தோழிகளும் நிற்பார்கள். அடிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். கதவை அடைத்துக்கொண்டு கதை பேசுவார்கள், மணி அடிக்கும்வரை. பின்னால் நிற்கிற பிள்ளைகள் எல்லோரையும் உள்ளே விடுவார்கள், இவளைத் தவிர.

ஐம்பத்தெட்டாவது நாள் அவள் டீச்சரிடம் வந்தாள். ஆய்வகத்தில் டீச்சர் தனியாகச் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் புகார் எல்லாம் எழுதல மிஸ். சும்மா உங்ககிட்ட சொல்றேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

டீச்சர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். உடனே லீடரைக் கூப்பிட்டு விட்டார். அதுவே தப்பு. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டார். அது அதைவிடப் பெரிய தப்பு.

"அய்யோ மிஸ், அவ கேக்கவே இல்ல மிஸ். கேட்டா குடுக்க மாட்டேனா?" என்றாள் லீடர், கண் சிமிட்டாமல். "ஏண்டி, நீ கேட்டியா?"

தையல்காரர் மகள் தரையைப் பார்த்தாள். டீச்சர் லீடரை அனுப்பிவிட்டு அவள் தோளில் கை வைத்தார். பாசமாகத்தான் வைத்தார், அதுதான் கொடுமை.

"இங்க பாரும்மா. நீ எழுதிக் குடுத்தா நான் வாங்கித்தான் ஆகணும். ஆனா நாப்பது பேரோட டூர் போயிடும். அப்புறம் உன்கூட ஒருத்தியாவது பேசுவாளா, யோசிச்சுப் பாரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போ. நான் கவனிச்சுக்கறேன்."

"சரி மிஸ்" என்றாள் அவள். அதற்கப்புறம் வரவே இல்லை.

டீச்சர் கவனித்தாரா? இரண்டு நாள் இடைவேளையில் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். டீச்சர் தலை தெரிந்ததும் வாசல் காலியாகிவிடும். பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டார். மூன்றாம் நாள் விடைத்தாள் கட்டு வந்தது, போகவில்லை.

அந்த வாரம் சாயங்காலம் காப்பி குடிக்கும்போது வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆலையில் ஒருவன் கை கிழிந்ததைத் துணியால் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டானாம். "பலகையில நானூறு நாள் ஓடிட்டு இருக்கு, இவனால பூஜ்ஜியமானா கூட இருக்கறவன் சும்மா விடுவானா?" டீச்சரும் சிரித்தார். சிரித்து முடித்தபின் டம்ளரைக் கீழே வைத்தார். காப்பி ஆறிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

தையல்காரர் மகள் தனக்குத் தெரிந்த வழியில் அனுசரித்துப் போனாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் வீட்டில் ஒரு வாய், அவ்வளவுதான். பையில் வரும் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பியது. பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவளுக்கு 'ஒட்டகம்' என்று பெயர் வைத்தார்கள். பாலைவன உயிரினங்கள் பாடத்தில் டீச்சர் ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னபோது வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. என்ன ஏதென்று தெரியாமல் டீச்சரும் கூடவே சிரித்து வைத்தார். பிள்ளைகள் இவ்வளவு ஒற்றுமையாகச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

தொண்ணூற்றொன்றாவது நாள் இரண்டாம் பாடவேளையில் அவள் பெஞ்சிலிருந்து சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. நாலு நாளாகவே காய்ச்சலாம், மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, "எத்தன நாளா இந்தப் பிள்ள தண்ணி குடிக்காம, ஒண்ணுக்குப் போகாம அடக்கி வச்சிருக்கு? கிருமி சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கு" என்று தையல்காரரைப் பிடி பிடியென்று பிடித்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நர்ஸ்தான் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பிள்ளையிடமிருந்து விஷயத்தை வாங்கினார்.

மறுநாள் காலை டீச்சர் வகுப்புக்குப் போனபோது லீடர் கதவருகே காத்திருந்தாள்.

"மிஸ், அவ ஆஸ்பத்திரில இருக்கறது புகார் கணக்குல வராதில்ல மிஸ்? எழுதித் தரலையே?"

டீச்சர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது, சுற்றுலாவைப் பற்றிய பயம். பதின்மூன்று வயசுப் பிள்ளை, அவளுக்கு இதைக் கற்றுக் கொடுத்தது யார்? டீச்சர் உள்ளே போனார். வெளியே வரும்போது பலகையில் தொண்ணூற்றிரண்டு மாட்டியிருந்தது. மாட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை.

மத்தியானம் தலைமையாசிரியர் தன் காரிலேயே டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"மேலிடத்துல அறிக்கை கேக்கறாங்க டீச்சர். எழுத்துல ஒரு புகாரும் வரல. அது நிஜம்தானே? வாய் வார்த்தையா யாராவது சொன்னாங்களான்னு கேப்பாங்க. சொல்லல. சரியா?"

"சார்..."

"சொல்லலன்னு சொல்றேன். சொல்லியும் கவனிக்கலன்னா அது வேற மாதிரி போயிடும். உங்க வேலைக்கே உலை வச்சிடுவாங்க. அந்தத் தையல்காரர் கேட்டாலும் இதேதான். சும்மா வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க."

டீச்சர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பதினேழு வருட வேலை. வீட்டுக்காரர் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. 'சொல்லல' என்று ஒரே வார்த்தை, அதைச் சொன்னால் போதும். பிள்ளை என்ன சொல்லியிருக்கிறாளோ, அதுதான் தெரியவில்லை.

பெண்கள் வார்டில் ஆறாவது கட்டில். கையில் ஊசி, மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர். தையல்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மரியாதை டீச்சரைக் கொன்றது.

"வாங்க சார். வாங்க டீச்சர். பாருங்க, என்ன கதிக்கு ஆக்கி வச்சிருக்காங்கன்னு. இவளும் வாயத் திறக்கல." மகள் பக்கம் குனிந்தார். "பாப்பா, சார் முன்னாடியே சொல்லு. யார்கிட்டயாவது சொன்னியா?"

பெண் தலையைத் திருப்பி டீச்சரைப் பார்த்தாள். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. நிறைய நேரம் பார்க்கவில்லை.

"இல்லப்பா. யார்கிட்டயும் சொல்லல."

தலைமையாசிரியர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தையல்காரருக்கோ ஆத்திரம் மகள்மேல் திரும்பியது.

"ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா? நான் கேக்கறப்ப எல்லாம் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னியே! அப்பன்கிட்ட வேணாம், இதோ டீச்சர் இருக்காங்க. இவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா சும்மா விட்டிருப்பாங்களா? எல்லாம் உன் தப்புதான். உன் ஊமைத்தனம்தான்!"

பெண் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுகளை வாங்கிக்கொள்ளப் பழகிய மூடல். பக்கத்தில் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார், இரண்டு தடவை. "அப்ப நாங்க கிளம்..." என்று ஆரம்பித்தார்.

"சொன்னா" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர்?"

"என்கிட்ட சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. நான்தான் அனுசரிச்சுப் போன்னு அனுப்பிட்டேன். அவள திட்டாதீங்க."

தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். தையல்காரர் கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப சொன்னா?"

"ஆறு வாரம் இருக்கும்."

"ஆறு வாரம்." அவர் அதை மறுபடியும் சொன்னார். "இந்த ஆறு வாரமும் நான் உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் துணி தைச்சிட்டு இருந்தேன் டீச்சர். தினமும் உங்க வாசலுக்கு வந்தேன். நீங்க என்னப் பாத்து சௌக்கியமான்னு கேட்டீங்க."

கேட்டிருந்தார், உண்மைதான். டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ உரிமை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் நெஞ்சின் ஒரு மூலையில் லேசாக இருந்தது. நிஜத்தைச் சொல்லியாகிவிட்டது. வேலை போனால் போகட்டும். இந்தப் பிள்ளைக்காவது ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தார். கட்டிலருகே போய் அவள் நெற்றியில் கை வைக்கப் போனார்.

பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் மிஸ் சொன்னீங்க?" குரல் உடைந்து வந்தது. இதுவரை அழாத பிள்ளை விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள். "நான்தான் சொல்லலன்னு சொல்லிட்டேன்ல? அதோட போயிருக்கும்ல?"

"உனக்காகத்தாம்மா..."

"நூறு நாள் ஆகற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்தா அப்புறம் விட்டுடறோம்னு லீடர் சொன்னா மிஸ். சத்தியம் பண்ணா. இன்னும் எட்டு நாள்தான் மிஸ் இருந்துச்சு. இனிமே அவங்க என்ன விடவே மாட்டாங்க."

டீச்சர் வாயைத் திறந்தார். நான் இருக்கிறேன், இனி யாரும் உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள், நான் கவனித்துக்கொள்கிறேன். சொல்ல வந்த எல்லாவற்றையும் ஆறு வாரத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியாயிற்று. நீட்டிய கை கட்டிலுக்கு மேலே அப்படியே நின்றது. தையல்காரர் அதை மெதுவாகப் பிடித்து அப்பால் நகர்த்திவிட்டு, மகளின் போர்வையைச் சரிசெய்தார்.

"போயிட்டு வாங்க டீச்சர்" என்றார்.