வாயைக் கடைசியில் போடுங்கள்

என் புத்தகம் அன்று நான்காவது முறையாக வெளியிடப்பட்டது.

முந்தைய மூன்று முறையும் ஏற்புரைக்கு நேரம் கிடைக்கவில்லை. நூலாசிரியர் ஏற்புரை சொல்லாத புத்தகம் வெளிவந்ததாக ஆகாது. அதற்கு மறுபடி கலர் பேப்பர் சுற்றி, ரிப்பன் கட்டி, பிளாஸ்டர் தலைகள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அடுத்த வருடம் அதே அழைப்பிதழில் தேதியை மட்டும் மாற்றுவார்கள்.

கலைக் கல்லூரி கேலரியில் ஒரு புத்தகத்தை நான்கு முறைக்கு மேல் வெளியிட முடியாது. ஐந்தாவது முறை அது புத்தகம் இல்லை, சிற்பம். சிற்பத்தை யாரும் பிரித்துப் படிக்கக் கூடாது.

என் பெயர் பூஷணம். அந்தக் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் மாடலாக உட்கார்ந்தேன். மாணவர்கள் என்னைப் பார்த்து வரைவார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் ஓர் ஆணியைப் பார்ப்பேன். அசையக் கூடாது என்றார்கள். பேசக் கூடாது என்றார்கள். கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டேன். கேட்டதை வீட்டுக்குப் போய் எழுதினேன். ‘வகுப்பில் பேசியவை’ என்று பெயர் வைத்தேன். முன்னூறு பக்கமும் பேச்சுதான். யார் பார்க்க எப்படி இருந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதெல்லாம் அவர்கள் வேலை.

வெளியீட்டு விழாவோடு ஓவியக் கண்காட்சியும் வைத்திருந்தார்கள். சுவர் முழுக்க நான்தான். கரியில், பென்சிலில், வாட்டர் கலரில், இருநூற்றுப் பன்னிரண்டு பூஷணங்கள். ஒருத்திக்கும் வாய் இல்லை.

அதற்குக் காரணம் பேராசிரியர் திருவேங்கடம். “வாயைக் கடைசியில் போடுங்க. அவசரப்பட்டு வாயைப் போட்டா முகமே கெட்டுடும்” என்று வகுப்புக்கு வகுப்பு சொல்வார். கடைசி வருவதற்குள் மணி அடித்துவிடும்.

மூன்று மணிக்கு மேடை ஏறினேன். எல்லாருக்கும் நாற்காலி இருந்தது. எனக்கு ஸ்டூல் இருந்தது. பழைய ஸ்டூல்தான். உட்காரும் இடத்தில் நான் இருந்தேன், குழியாக.

கேலரியைப் பார்த்துக்கொள்பவள் லில்லி கிரேஸ். நல்ல பெண். கையில் ஒரு தடித்த ரிஜிஸ்டரோடு வந்தாள்.

“இன்னா லில்லி, ஸ்டூலு?”

“பழகின இடமா இருக்கட்டும்னு சார் சொன்னாரு, பூஷணம்மா.”

“என் மைக் எங்கே?”

“அதுல ஒரு சின்ன விஷயம்.”

ரிஜிஸ்டரைப் பிரித்துக் காட்டினாள். அது ஸ்டாக் ரிஜிஸ்டர். பதின்மூன்று: மாட்டு மண்டையோடு, ஒன்று. பதினான்கு: பூஷணம், ஒன்று. பதினைந்து: மண்பானை, இரண்டு, ஒன்றில் விரிசல்.

“இதை யாரு எழுதினது?”

“எப்பவோ எழுதினது. பார்த்து வரையற சாமானையெல்லாம் ஒரே பக்கத்துல எழுதிட்டாங்க.”

“எழுதினா எழுதட்டும். அதுக்கும் மைக்குக்கும் இன்னா?”

“ஸ்டாக்ல இருக்கற பொருள் மைக்ல பேசினா மேல கேள்வி வரும்.”

“புத்தகம் எழுதினப்ப வரலியா?”

“எழுதறதுக்குத் தடை இல்லீங்க. பேசறதுக்குத்தான்.”

“என் பேரை அடிச்சிடு.”

“சும்மா அடிக்க முடியாதும்மா. கண்டம் பண்ணணும். இந்தப் பொருள் இனிமே உபயோகப்படாதுன்னு சான்றிதழ் வேணும். எங்கயாவது விரிசல் இருக்கா?”

“இல்ல.”

“கை, கால் எதுனா கழண்டு வருதா?”

“உன்னுது வருதா?”

“கோச்சுக்காதீங்க. லேசா ஒரு விரிசல்னு நீங்களே ஒத்துக்கிட்டா போதும். இப்பவே கையெழுத்து வாங்கிடுவேன். தாராளமா பேசலாம்.”

அவள் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். நான் பேச வேண்டுமென்றால் நான் எதற்கும் உதவாதவள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

“மாட்டேன்” என்றேன்.

“அப்போ ஸ்டாக்காவே உக்காருங்கம்மா. மாட்டு மண்டையைப் பாருங்க. இத்தனை வருஷத்துல ஒரு தகராறு பண்ணதில்ல.”

உட்கார்ந்தேன். குழி என்னை அடையாளம் கண்டுகொண்டது.

வாழ்த்துரைகள் தொடங்கின. கேலரி நீளத் தொடங்கியது. ஒவ்வொருவர் பேசும்போதும் ஒரு தெருவளவு நீளும். எல்லா விழாவிலும் நடப்பதுதான். முன்வரிசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். பின்வரிசையில் பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் டீ கேட்டுக் கையைத் தூக்கினாள். டீ அவளிடம் போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. ஆடை படிந்துவிட்டது என்று அவள் திட்டியது திரும்பி வர இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று.

பேசியவர்கள் எல்லாரும் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் திருவேங்கடம் சார்தான். ஒன்பதாவது பொன்னாடைக்குப் பிறகு அவர் படப்பலகை தாங்கும் ஈஸலாகிவிட்டார். மூன்று கால். நெற்றியில் ஒரு திருகாணி. இடுப்பில் கரித்துண்டு வைக்கும் தட்டு. அந்த நிலையிலேயே தலைமையுரையைத் தொடங்கினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“முப்பத்தோரு வருஷம் பூஷணம் ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்த மௌனம்தான் அவங்க கலை. இந்தப் புத்தகமும் அந்த மௌனத்தோட தொடர்ச்சிதான்.”

“அதுல முன்னூறு பக்கமும் பேச்சு சார்.”

“அசையாதே, பூஷணம்.”

என் கழுத்து நின்றுவிட்டது. பழக்கம். கண் தானாகப் போய் ஆணியில் மாட்டிக்கொண்டது. கேலரி அவ்வளவு நீண்டும் ஆணி இருந்த இடத்திலேயே இருந்தது.

“படிச்சீங்களா சார்?” என்று உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

“வெளிவராத புத்தகத்தை எப்படிப் படிக்கிறது?”

முன்வரிசை கைதட்டியது.

லில்லி என் காதருகே குனிந்தாள். “மணி அடிக்கற நேரம் ஆயிடுச்சு. ஏற்புரையை அடுத்த தடவை வெச்சுக்கலாம்மா.”

“அடுத்த தடவை அது சிற்பம்.”

“நல்ல சிற்பமா வரும்மா. ஒரு ஓரமா, வெளிச்சம் படற மாதிரி வைக்கிறேன்.”

அவள் மேஜையிலிருந்து வகுப்பு மணியைக் கையில் எடுத்தாள்.

நான் எழுந்துவிட்டேன். முப்பத்தோரு வருடத்தில் மணி அடிக்கும் முன் எழுந்தது அன்றுதான். ஸ்டூல் கொஞ்ச தூரம் என்னோடு வந்தது. பிறகு மனசில்லாமல் விட்டது.

திருவேங்கடம் சாரின் தட்டிலிருந்து கரித்துண்டை எடுத்தேன்.

“வை அதை. போஸ் இன்னும் முடியல.”

“முடிஞ்சிது சார். நீங்கதான் வாயைப் போட மறந்துட்டீங்க.”

முதல் படத்தின் முன் போய் நின்றேன். பென்சில் ஓவியம். நாற்பது வயதுப் பூஷணம். நான் ஒருநாளும் வரைந்ததில்லை. ஆனால் எப்படி வரைய வேண்டும் என்று முப்பத்தோரு வருடம் கேட்டிருக்கிறேன். மேல் உதட்டில் நிழல். கீழ் உதட்டில் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. கோட்டை அழுத்தி இழுத்தேன்.

“அப்பாடி. முதுகு விட்டுப்போச்சு” என்றாள் படத்தில் இருந்தவள்.

“எனக்குத் தெரியாதா?”

“கரியை இப்படிக் குடு. பக்கத்துல இருக்கறவ வாய்க்கு நான் பார்த்துக்கறேன்.”

கை வரையப்பட்டவர்கள் அடுத்தவளுக்கு வாய் போட்டார்கள். கழுத்தோடு நின்றுபோனவர்களுக்கு நான் போட்டேன். கரி சுவர் ஓரமாக ஓடியது. ஒருத்தி உதட்டைக் கோணலாகப் போட்டுவிட்டாள் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். “கோணலா இருந்தா இன்னா, திறக்குதில்ல?” என்றாள் போட்டவள்.

மேடையில் லில்லி மணியை அடித்தாள். அவள் கை ஆடுவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. பத்துப் பேர் பேசி நீட்டிய கேலரி. சத்தம் நடந்து வர வேண்டும். அடித்துவிட்டு லில்லி ரிஜிஸ்டரையும் புத்தகப் பொட்டலத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பின்னால் ஓடிவந்தாள். சத்தத்துக்கு முன்பே அவள் வந்து சேர்ந்தாள்.

“பூஷணம்மா! ஸ்டாக் பொருளை ஸ்டாக் பொருளே திருத்தக் கூடாது!”

“அதை ரிஜிஸ்டர்ல எழுதிக்கோ.”

மூச்சு வாங்கிக்கொண்டே பேனாவைத் திறந்தாள். “எப்படி எழுதறது?”

“பதினாலு. பூஷணம். ஒன்று. விரிசல் இல்லை. வாய் உள்ளது.”

எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். “வாய் உள்ளதுன்னு எழுதிட்டா, பேசினதுக்கு மேல கேள்வி வராதும்மா” என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டாள்.

கடைசிப் படம் பின்வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது. வாட்டர் கலர். பச்சைப் புடவை அம்மாள் காலி டீ டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கதான் எழுதினவங்களா?”

“ஆமா.”

“எவ்ளோ நேரம் பேசுவீங்க?”

“முன்னூறு பக்கம்.”

“பேசுங்க. பஸ்ஸை விட்டுட்டேன்.”

கடைசி வாயைப் போட்டேன். அப்போது மணிச் சத்தம் வந்து சேர்ந்தது. வந்த வழியெல்லாம் களைத்து, ஸ்பூன் விழுந்த சத்தம் போல இருந்தது. அதுவே போதும் என்று முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை எல்லாரும் எழுந்தார்கள். பையை எடுத்தார்கள். செருப்பைத் தேடினார்கள். தூரத்தில் ஈஸல் திரும்ப முயன்று மூன்று காலும் பின்னிக்கொண்டு நின்றது. அதன் குரலும் வந்துகொண்டுதான் இருந்தது. ‘அசை’ வரைக்கும் வந்திருந்தது.

மைக் தேவைப்படவில்லை. இருநூற்றுப் பதிமூன்று வாய் இருந்தது.

“எல்லாரும் உக்காருங்க” என்றோம்.

உட்கார்ந்தார்கள்.

“அந்த ஆணியைப் பாருங்க.”

பார்த்தார்கள்.

லில்லியின் கக்கத்தில் புத்தகப் பொட்டலத்தின் ரிப்பன் தானாக அவிழ்ந்து தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கக் குனிந்தாள்.

“லில்லி, அசையாதே” என்றோம். ஏற்புரையை ஆரம்பித்தோம்.