அப்பாவின் ஆமென்

பக்கவாதம் வந்தபிறகு அப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்: ஆமென். அதையும் குடும்ப ஜெபம் முடியும்போது மட்டும்தான் சொல்வார்.

இன்று மத்தியானம் ஊட்டியதையெல்லாம் என் புடவையிலேயே துப்பினார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபமாயிற்றே! "என் உயிரை வாங்கத்தான் இருக்கீங்களாப்பா?" என்று கத்தி, அவருக்கு வேலை செய்யும் ஒரே கையில் பட்டென்று அடித்துவிட்டேன். அவர் அழுதார்.

சாயங்காலம் ஜெபிக்க அவர் கட்டிலருகே முழங்கால்படியிட்டேன். "ஆண்டவரே..." எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது? எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது நான் அடித்த அந்தக் கை, தடவித் தடவி என் தலைமேல் வந்து அமர்ந்தது.

நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.

"ஆமென்," என்றார் அப்பா.