எழுபதா, நூற்று நாற்பதா

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் கதை இல்லை. மாடிவீட்டு இஷ்பெலுடையது. கிளாஸ்கோவில் பதினெட்டு வருஷமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். படி கழுவுவது அவள் முறையாக இருந்த ஒரு சனிக்கிழமை, பாதிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க எழுதிக்கோங்க. ஆனா சோகமா மட்டும் எழுதிடாதீங்க" என்றாள்.

அன்று மழை பெய்துகொண்டி... (அடித்துவிட்டேன். இந்த ஊரில் அதெல்லாம் ஒரு செய்தியா?)

2

மறுபடி தொடங்குகிறேன். இஷ்பெல் பாடுவாள். ஸ்ட்ரூவன் தாளப்பெட்டி, சிந்தசைசர், மூச்சிரைக்கும் பழைய லேப்டாப் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பான். இரண்டே பேர்தான் குழு. பெயர் 'நனைந்த கையுறை'. யார் வைத்த பெயர் என்று கேட்டால் இன்றைக்கும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

முதல் ஆல்பத்தை ரசிகர்கள் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். இரண்டாவது சுமார். மூன்றாவது வந்ததே யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷம் வேனிலேயே தூங்கி எழுந்த ஸ்ட்ரூவன், ஆகஸ்டிலிருந்து கணக்கு வாத்தியாராகப் போவதென்று முடிவெடுத்தான்.

(முதல் வரைவில் அவனைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். பிரிவென்றால் ஒரு வில்லன் வேண்டாமா? இஷ்பெல் படித்துவிட்டு, அவன் பாவம், களைத்துப்போய்விட்டான், அவ்வளவுதான் என்றாள். மாற்றிவிட்டேன்.)

அவன் போகக்கூடாது என்று அவளுக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. கேட்கத்தான் ரோஷம் விடவில்லை. கேட்பதற்குப் பதில் ஒரு விடைபெறும் பாட்டை எழுதினாள். மனுஷர்கள் இப்படித்தான்.

3

கடைசி நிகழ்ச்சி மேற்குக் கடலோரத்து மல் தீவில், ஊர் மண்டபத்தில். கடைசிப் பாட்டு அந்த விடைபெறும் பாட்டு. நிமிஷத்துக்கு எழுபது தட்டு, ஆடி அசைந்து போக வேண்டியது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எழுபதை இரட்டித்து நூற்று நாற்பது என்று குறித்துவைப்பது இந்தத் தொழிலில் சகஜம். பெட்டியில் வைக்கும்போது பாதியாக்கிக்கொள்ள வேண்டும். நாளைய கணக்கு வாத்தியார் அதை மறந்துவிட்டார்.)

தாளம் தடதடவென்று கிளம்பியது. இந்த நாட்டில் ஜோடி ஆட்டத்தைப் பள்ளி உடற்பயிற்சி வகுப்பிலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்த வேகத்தைக் கேட்டால் கால் சும்மா இருக்காது. நாற்காலிகள் சுவரோரம் போயின. தபால்காரம்மா கசாப்புக் கடைக்காரரின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு வரிசை நின்றது, கைகோத்துச் சுழன்றது.

'போய் வா' என்று உருகி எழுதியதை இஷ்பெல் மூச்சுவாங்கப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்ட்ரூவன் காது சிவக்கப் பெட்டியை நிறுத்தக் கையை நீட்டினான்.

"நிறுத்தினே, கொன்னுடுவேன்" என்றாள், இரண்டு வரிகளுக்கு நடுவே.

நான்கு நிமிஷப் பாட்டு இரண்டே நிமிஷத்தில் முடிந்தது.

4

இனி முடிவு. முடிவு ஒன்று: ஸ்ட்ரூவன் வேலையை உதறிவிட்டு அவளைக் கட்டிக்கொள்கிறான். (சினிமாவில் பார்த்தாயிற்று.) முடிவு இரண்டு: மறுநாள் கப்பலில் கைகுலுக்கி... (வேண்டாம், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஆடியவர்கள் யாரும் உட்காரவில்லை. பிடித்த கையை விடாமல், வியர்த்து விறுவிறுத்து மேடையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"தப்பாயிடுச்சு. சரியான வேகத்துல இன்னொரு தடவை போடட்டுமா?" என்றான் ஸ்ட்ரூவன்.

இஷ்பெல் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் அவனிடம் அவள் எதற்கும் கெஞ்சியதில்லை.

"வேணாம். இதே வேகத்துல போடு. போகாதேடா."

அவன் விரல் பெட்டியின் வேகத் திருகியின் மேல் நின்றது. அதை எந்தப் பக்கம் திருகினான், திருகினானா இல்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எழுபதா, நூற்று நாற்பதா, நீங்களே வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பாவம், அறுபது பேர் ஜோடி சேர்ந்து நிற்கிறார்கள்.