தூணுக்கு ஒரு பாடம்

என் மனைவி தேவயானியின் குரலைக் கேட்டுக்கொண்டுதான் ஐம்பது வீட்டில் காலைக் காப்பி குடிக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற அப்பா அம்மாக்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போடி, பெரியகுளம், மதுரை என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள். தினமும் காலையில் அவர்களுக்குத் தைரியம் சொல்வது இவள் வேலை. "ஒரு நாள் பாடம் ஓடலைன்னா ஒடஞ்சு போகாதீக. பருப்ப அளக்கச் சொல்லுங்க, அதுவும் கணக்குத்தான். அடுத்த வீட்டுப் புள்ளையோட ஒப்பிடாதீக. நமக்கே சலிப்பா இருந்தா அன்னைக்குப் புத்தகத்த மூடி வச்சிருங்க." இப்படிக் குழைந்து பேசிவிட்டு, போனைக் கீழே வைத்ததும், "பல்லு வெளக்க எம்புட்டு நேரம்?" என்று என் பக்கம் திரும்புவாள். ஊருக்கு ஒரு குரல், கட்டினவனுக்கு ஒரு குரல்.

கிண்டலுக்குச் சொல்கிறேனே தவிர, அவள் சொல்வதெல்லாம் நல்ல வார்த்தைதான். பட்டுத்தான் சொல்கிறாள்.

எங்கள் மகள் அபிதாவுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்குத்தான் போனாள். எழுத்துக் கூட்ட வரவில்லை என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைப்பார்கள். காலையில் வேன் ஹாரன் கேட்டதும் குடித்த பாலைக் கக்கிவிடுவாள். நான் வாயைத் துடைத்துத் தூக்கி வேனுக்குள் வைப்பேன். நாலாவது ஆரம்பித்த அன்று தேவயானி வேன் படியிலிருந்து அவளை இறக்கி, "இனி இவ வரமாட்டாண்ணே" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னேன்: "ஒரு வருசம் தாரேன். அடுத்த ஜூனுக்குள்ள இவ வாசிக்கலைன்னா மறுபடியும் வேன்தான்." கோபத்தில் சொல்கிறவன் மறந்துவிடுவான். கேட்ட பிள்ளை மறக்காது.

சுருளிப்பட்டி ரோட்டில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் திராட்சை. பந்தல் வேலை முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கிச் செய்கிற வேலை. கொடி கட்டும்போது புத்தகம் பிடிக்கக் கை இருக்காது. தேவயானி அதற்கொரு வழி கண்டுபிடித்தாள். பாடங்களைப் பெரிய தாள்களில் தன் கையாலேயே எழுதி, பனியும் மருந்தும் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பந்தலைத் தாங்குகிற தூணுக்கு ஒன்றாகத் துணி கிளிப்பில் மாட்டினாள். முதல் கல்தூணில் ஒட்டகம், அடுத்ததில் தேனீ, அதற்கடுத்ததில் மழை, அப்படியே வரிசை முடிகிறவரைக்கும். படம் எதுவும் வரையவில்லை. "படம் இருந்தா எழுத்தப் பாக்காம படத்தப் பாத்துச் சொல்லிப்புடுவா" என்றாள். கெட்டிக்காரி.

அவள் கொடி கட்டிக்கொண்டே பாடத்தைச் சொல்வாள். அபிதா தூணுக்குப் பக்கத்தில் நின்று, தாளில் விரலை ஓட்டித் திருப்பிச் சொல்வாள். வேலை அடுத்த தூணுக்கு நகர்ந்தால் பாடமும் நகரும். தை மாதத்தில் அபிதா தானாகவே வாசிக்க ஆரம்பித்தாள். அம்மா எடுத்துக்கொடுக்காமலே, தூணுக்குத் தூண், தங்குதடையில்லாமல். தேவயானி அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டாள். 'பந்தல் பள்ளிக்கூடம்' என்று அவர்களாகப் பேர் வைத்துக்கொண்டார்கள். நானும் டீக்கடையில் நாலு பேரிடம் போனை நீட்டிக் காட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் காற்றோடு கோடை மழை அடித்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். காய்க்குப் பெரிய சேதமில்லை, தாள்கள்தான் கழன்று தரையெல்லாம் கிடந்தன. துடைத்துக் கைக்கு வந்தபடி மாட்டினேன். எது எந்தத் தூணுக்கு என்று நான் யோசிக்கவில்லை.

அபிதா வந்து முதல் தூணில் நின்றாள். நான் அங்கே மாட்டியிருந்தது மழைப் பாடம். அவள் முதல் வரியில் விரலை வைத்து, "ஒட்டகம் பாலைவனத்தில் வாழும். அதன் முதுகில் திமில் இருக்கும்" என்று வாசித்தாள். விரல் வரி தவறாமல் போனது. அடுத்த தூணில் ஒட்டகம் தொங்கியது. அவள் தேனீயை வாசித்தாள்.

தாளில் ஒரு எழுத்தைத் தொட்டு, "இது என்ன எழுத்துத்தா?" என்று கேட்டேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாட்டச் சொல்லாதப்பா" என்றாள். "எழுத்தெல்லாம் நெளியுது. நான் தூணப் பாத்துத்தான் சொல்லுறேன். தெரிஞ்சா வேன் வந்துருமாப்பா?"

வராது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் "போத்தா, போய் வெளயாடு" என்றுதான் வந்தது.

தேவயானியிடம் எப்படிச் சொல்வது? தினமும் காலையில் அந்தக் குரல் அடுப்படியிலிருந்து கேட்டது. போதாக்குறைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்திலிருந்து மகாலட்சுமி என்ற பெண் வருவதாக இருந்தது. அவளும் குழுவில் இருக்கிறவள். மூன்றாவது படிக்கிற மகளைப் பள்ளியை விட்டு நிறுத்தலாமா, வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தாள். அபிதா வாசிப்பதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் மறுநாளே டி.சி. வாங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்தேதான் ஞாயிறு விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன், தாள்களைப் பழைய வரிசைக்கு மாற்றி வைக்க. முதல் தூணில் ஒட்டகம் இருந்தது. அடுத்ததில் தேனீ. அதற்கடுத்ததில் மழை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் மாற்றவில்லை.

வேறு நாளாக இருந்தால் தாளை மாற்றி மாட்டியதற்கு என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள்; இப்போது எனக்குத் தெரியாமல் சரிசெய்திருக்கிறாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் ஊருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பியபோது என் முகத்தைப் பார்க்காமல் காப்பி டம்ளரை நீட்டினாள். நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

மகாலட்சுமி தனியாகத்தான் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, முகத்தில் தூக்கம் இல்லை. அபிதா முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரைக்கும் ஒரு சொல் தட்டாமல் வாசித்தாள். மகாலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது போதும்க்கா எனக்கு. நாளைக்கே போய் டி.சி. கேட்டுருவேன்" என்றாள். தேவயானி கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பந்தலில் ஏதோ பூச்சி தேடுகிறவன்போல நின்றேன்.

பிறகு மகாலட்சுமி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். யானை படம் போட்ட புதுக் கதைப்புத்தகம். "வெறுங்கையா வரக்கூடாதுன்னு வாங்குனேன். ஒரு பக்கம் எனக்கு வாசிச்சுக் காட்டு சாமி" என்று அபிதாவிடம் கொடுத்தாள்.

அபிதா புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வரிசையின் தொடக்கத்துக்கு நடந்து, முதல் தூணில் முதுகு படும்படி நின்றாள். பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, "ஒட்டகம் பாலைவனத்தில் வாழும்" என்று ஆரம்பித்தாள்.

படத்தில் இருப்பது யானை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. வேறு வழிதான் தெரியவில்லை.

"போதும்த்தா" என்று தேவயானி ஓடிப்போய்ப் புத்தகத்தை வாங்கினாள். அபிதாவின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மகாலட்சுமியிடம் சொன்னாள்: "எம்மகளுக்கு வாசிக்க வரலம்மா. எல்லாம் மனப்பாடம். எனக்கே கொஞ்ச நாளாத்தான் தெரியும்."

மகாலட்சுமிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கிட்டப் போய் ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தாள். "எம்மகளும் இப்படித்தான்க்கா. ஒங்க புள்ளைக்குச் சரியானமாதிரி அவளுக்கும் சரியாயிரும்னு நம்பி வந்தேன். இப்ப நான் என்னக்கா செய்ய?"

ஐம்பது வீட்டுக்குப் பதில் வைத்திருந்தவள் என் மனைவி. "தெரியலம்மா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பந்தலுக்குக் கீழே பெரியவர்கள் மூன்று பேர் நின்றோம், ஒருவரிடமும் ஒரு யோசனை இல்லை.

அபிதா அம்மாவிடமிருந்து விலகி வந்து என் சட்டையைப் பிடித்தாள். "வேன் எப்பப்பா வரும்?"

"வராதுத்தா. இனி எப்பவுமே வராது" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். போன வருடம் நான் சொன்னதை அப்படியே நம்பினவள், இதை நம்பவில்லை. சட்டையை விட்டுவிட்டு இரண்டாவது தூணுக்குப் போனாள். தாளின் முதல் வரியில் விரலை வைத்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகத் தேனீயை வாசிக்க ஆரம்பித்தாள்.