பவுடர் போட்ட மாப்பிள்ளை

இப்போது சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குக் கூச்சம் என்ற ஒன்று கிடையாது. முன்பெல்லாம் கேட்க வேண்டியதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். இப்போது நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் கேட்டுவிட்டு, நம் முகத்தையே பார்க்கிறார்கள். இவ்வளவு குறைவாகக் கேட்டதற்கு நாம் சந்தோஷப்பட வேறு வேண்டுமாம்.

என் தம்பி வீட்டு முன்னறையில் அன்று அதுதான் நடந்தது.

"எங்களுக்கு நகை வேணாம், பாத்திரம் வேணாம், வண்டி வேணாம்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

தம்பிக்கு முகமெல்லாம் பல். அவன் எப்போதுமே அவசரக்காரன்.

"ஒண்ணே ஒண்ணுதான். உங்க பொண்ணு அந்த வேலைய வேணாம்னு சொல்லிடணும்."

தம்பி மனைவி கொண்டுவந்த டீத் தட்டு பாதி வழியில் நின்றது.

தம்பி மகளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். கல்யாணப் பேச்சு நடக்கிற வயதிலும் அவள் வாண்டுதான். அவள் படித்தது நானோ தொழில்நுட்பம். அப்படியென்றால் என்னவென்று கேட்டால், கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாகச் சாமான் செய்வது என்பாள். நான் லாரி ஓட்டியே வயதானவன். கண்ணுக்குத் தெரியாத சரக்கை நான் ஏற்றியதும் இல்லை, இறக்கியதும் இல்லை. செய்யாமலே செய்தேன் என்று சொல்லிச் சம்பளம் வாங்க இதைவிட வசதியான தொழில் கிடையாது என்பது என் கட்சி. அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

"காத்து கண்ணுக்குத் தெரியுதா பெரியப்பா?" என்பாள்.

"காத்த வச்சு எவனும் சம்பளம் வாங்கலையே."

"டயருக்குக் காத்தடிச்சவனுக்கு நீங்க காசு குடுத்ததே இல்லையா?"

இப்படிப் பேசுகிற பெண் இவள்.

மாப்பிள்ளைக்கும் அதே ஆய்வுக்கூடம், அதே வேலை. அங்கே உள்ளே போகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பில் புகுந்துகொள்வார்கள். வாய்க்கும் மூக்குக்கும் மூடி. கண் மட்டும்தான் மிச்சம். அந்தக் கண்ணைப் பார்த்தே அவனுக்கு இவளைப் பிடித்துவிட்டதாம். இவளுக்கும் பிடித்திருந்தது. அதிர்ந்து பேசாதவன் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எதற்குமே பேசாதவன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். இரண்டு பேரும் அங்கே தற்காலிகம். இப்போது ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருக்கிறது. இருவரும் கேட்டிருக்கிறார்கள். யாருக்கு இல்லையோ அவர் வெளியே போக வேண்டும்.

"எம் பையனுக்குக் கெடச்சா என்ன, உங்க பொண்ணுக்குக் கெடச்சா என்ன?" என்றாள் அந்த அம்மா. "நாளைக்கு ஒரே வீடு. வீட்டுக்குள்ளயே போட்டி எதுக்கு?"

"அப்ப உங்க பையன் வேணாம்னு சொல்லட்டுமே," என்றேன். "ஒரே வீடுதானே?"

"அவன் ஆம்பளை அண்ணே," என்றாள், எனக்கு அது தெரியாது போல.

வாண்டு மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். தட்டு அப்போதுதான் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. அவன் டீயை ஊதினான். ஆறிப்போன டீ அது. விடாமல் ஊதினான்.

அவனுக்கும் சேர்த்து அம்மா பேசினாள். "அதுவும் இல்லாம, அது கை நடுங்காம செய்ற வேலையாம். ஆம்பளைங்களுக்கே கஷ்டம். வெள்ளிக்கிழமை குடும்பத்தோட வந்து பாக்கலாம்னு அவங்க ஆபீஸ்லயே சொல்லியிருக்காங்க. வாங்க. எம் பையன் வேலை செய்றதப் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுவீங்க, இந்தப் பொண்ணு வீட்ல இருக்கட்டும்னு."

அவர்கள் போன பிறகு தம்பி என்னிடம் கிசுகிசுத்தான். "நல்ல எடம் அண்ணே. வேலை என்ன, வேற பாத்துக்கலாம்."

"அதுல ஒண்ணுமே இல்லங்கறதுதான் என் கட்சி," என்றேன். "ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு அந்தம்மா ஏன் இப்படிப் பறக்குது? அதப் பாக்கவாவது நான் வரேன்."

வாண்டு டீக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக.

வெள்ளிக்கிழமை போனோம். ஒரு நீள நடை. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வெளிச்சம், அதில் வெள்ளை வெள்ளையாக உருவங்கள். எல்லாம் ஒரே அச்சு. எது ஆண், எது பெண் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. இதை நான் சும்மா சொல்லவில்லை.

உள்ளே போகிற கதவுக்கு முன்னால் தரையில் ஒரு நீல விரிப்பு. மிதித்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், அப்படி ஒரு பசை. வெளித் தூசி உள்ளே போகாமல் இருப்பதற்காம். பக்கத்தில் ஒரு பலகை: பவுடர் கூடாது, சென்ட் கூடாது, மை கூடாது.

அந்த இடத்துக்குத் தலைவி ஒரு நரைத்த தலை அம்மாள். எல்லோரும் மேடம் என்றார்கள். அவர்தான் எங்களுக்கு விளக்கினார். உள்ளே இருக்கிறதிலேயே பெரிய அழுக்கு மனுஷன்தானாம். எவ்வளவு குளித்துவிட்டு வந்தாலும் தோலிலிருந்து தூள் உதிர்ந்துகொண்டே இருக்குமாம். அதனால்தான் அந்த உடுப்பு.

"எல்லார்கிட்டயுமா உதிரும்?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா. தங்கள் வீட்டில் உதிராது என்ற எண்ணம் அவளுக்கு.

"எல்லார்கிட்டயும்தான்மா. ஒரு பவுடர் துகள் அந்தத் தகட்டு மேல விழுந்தா, ரோட்டு மேல மலை விழுந்த மாதிரி. போட்ட கோடெல்லாம் போச்சு."

ரோடு என்றதும் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. கோடுகள்தான் பிடிபடவில்லை. ஒரு தலைமுடி அகலத்துக்குள் ஆயிரம் கோடு போடலாம் என்றார். போடலாம், யார் எண்ணிப் பார்த்தது என்று அவரிடமே கேட்டேன்.

கண்ணாடிக்கு நேர் எதிரே ஓர் உருவம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளக்கிற வட்டத் தகடு ஒன்றை இடுக்கியால் திரவத்திலிருந்து தூக்கியது. தூக்கியது தெரியவில்லை. தகடு தானாக எழும்பியது போல் இருந்தது. ஒரு சொட்டு சிந்தாமல் அடுத்த தொட்டிக்குப் போயிற்று. நடையில் நின்ற குடும்பங்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டன.

"பாத்தீங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா என் முழங்கையை இடித்தாள். "எம் பையன்! இந்த நேரம் அவனோட முறைதான். அந்த நிக்கற நிலையப் பாருங்க, அப்படியே அவங்க அப்பா. சின்ன வயசுலேருந்தே அவனுக்கு இப்படிக் கை. இந்த நிதானம் ஒரு பொம்பளைக்கு வருமா அண்ணே, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

தம்பி நெஞ்சைத் தொடாமலே தலையை ஆட்டிவிட்டான்.

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா விடவில்லை. "நீங்களே சொல்லுங்க மேடம். வேலை எப்படி?"

"எங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல கை," என்றார் மேடம்.

"கேட்டீங்களா!" என்று எல்லோரையும் பார்த்தாள். பக்கத்துக் குடும்பத்துக்காரர்கள்கூட வாழ்த்துச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டாள்.

"அம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். முகம் சொட்டச் சொட்ட ஈரம். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. காது மடிப்பில் இன்னும் வெள்ளையாகக் கொஞ்சம் பவுடர்.

"நீ இங்க என்னடா பண்றே? அப்ப உள்ள?"

"என்னைய விடல. நாலு தடவ கழுவிட்டேன். வாசனை போகல."

பொண்ணு வீட்டுக்காரர்கள் வருகிறார்கள், முகத்தில் ஒரு களை வேண்டாமா என்று காலையில் அம்மாதான் அவனை நிறுத்திப் பவுடர் அடித்து, சென்டும் தெளித்து அனுப்பியிருக்கிறாள். விதி அவனுக்குத் தெரியாததா? தினம் அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறவன். வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் முறையையும் சேர்த்து வேறொருவர் செய்ய வேண்டியதாயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உருவம் இடுக்கியை வைத்துவிட்டுத் திரும்பியது. வெள்ளை மூடிக்கு நடுவில் எங்கள் வீட்டுக் கண்கள். என்னைப் பார்த்துக் கையுறை போட்ட கையை ஆட்டியது.

நான் சிரித்துவிட்டேன். தம்பி என்னைக் கிள்ளினான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்து கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டான்.

அந்த அம்மா தளரவில்லை. "இவன் சொல்லிக் குடுத்திருப்பான்," என்றாள்.

"அவங்கதான் இவருக்குச் சொல்லிக் குடுக்கறாங்க," என்றார் மேடம்.

அதற்கும் அந்த அம்மாவிடம் பதில் இருந்தது. "நல்ல கைதான், நான் இல்லங்கல. அதான் சொல்றேன், இந்தக் கை நம்ம வீட்டு அடுப்படிக்கு வந்தா ஒரு பருக்கை சிந்தாது."

மகன் கை என்று நினைத்தபோது அது நிரந்தர இடத்துக்குப் பொருத்தம். மருமகள் கை என்று தெரிந்ததும் அடுப்படிக்குப் பொருத்தம். கை மட்டும் மாறவில்லை.

வாண்டு கதவுக்கு வெளியே வந்தாள். தலைமூடியைக் கழற்றியதில் முடி ஒட்டிப்போய், கன்னத்தில் மூடி அழுத்திய கோடு விழுந்திருந்தது.

"என்னம்மா முடிவு பண்ணினே?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுக்கமாட்டாள் என்ற கணக்கு.

"ரெண்டு பேரும் தேர்வுக்குப் போறோம் அத்தை. அவருக்குக் கெடச்சா மொதல்ல கை குடுக்கறது நான்தான். எனக்குக் கெடச்சா வேணாம்னு சொல்லமாட்டேன்."

"அப்ப கல்யாணம்?"

"அத அவரு சொல்லட்டும். பவுடர் மாதிரி நீங்க போட்டு அனுப்ப வேணாம்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். நடையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். "அம்மா என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

வாண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தம்பியைப் பார்த்தாள். தம்பி, "உள்ள வேலை கெடக்குல்ல? போ," என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் தலைமூடியை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"நில்லுடி, பேசிக்கிட்டு இருக்கேன்!" என்று அந்த அம்மா பின்னால் பாய்ந்தாள். பாய்ந்த கால் நீல விரிப்பில். செருப்பு ஒட்டிக்கொண்டது. இன்னொரு காலை வைத்தாள், அதுவும் ஒட்டிக்கொண்டது. கதவு மூடியது. மாப்பிள்ளை குனிந்து உட்கார்ந்து அம்மாவின் செருப்பைப் பிய்க்க ஆரம்பித்தான். அந்த வேலையை மட்டும் யாரும் சொல்லாமலே செய்தான்.

வெளியே வரும்போது தம்பி, "நல்ல பையன்தான் அண்ணே, யோசிச்சுப் பேசுவான்," என்றான். மேடம் வாசல்வரை வந்து, பழைய தகடு ஒன்றை என் கையில் கொடுத்தார். அதில்தான் அத்தனை கோடும் இருக்கிறதாம். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மூஞ்சிதான் தெரிந்தது.

"என்ன ஐயா, இப்பவாவது நம்புறீங்களா?"

"இல்ல," என்றேன். "அந்தப் பையன் வாயத் திறக்கறதுக்கு ஒரு சாமான் செஞ்சு காட்டுங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல. அப்ப நம்புறேன்."

தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினேன்.