பதினாலு தலைமுறையும் ஒரு பெயரும்

"எங்க தாத்தா பேரைச் சொல்லுங்க, ஹுக்கும்."

பாலைவனத்தில் பரம்பரையாகப் பாடிப் பிழைக்கும் எங்கள் மங்கணியார் பாடகன் தன் புரவலனை 'ஹுக்கும்', எஜமானே, என்று கூப்பிட்டு ஆடு கேட்கலாம், ஒட்டகம் கேட்கலாம், மகள் கல்யாணத்துக்கு வெள்ளிக் கொலுசு கேட்கலாம். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று நேற்றும் அப்பா சொன்னார். கேட்டுவிட்டேன்.

கோட்டைக்குள் இருக்கும் எங்கள் புரவலர் தேஜ்மால் சிங்கின் மாளிகை இப்போது ஓட்டல். முற்றத்து நாற்காலிகளில் வெளிநாட்டுப் பயணிகள், தரையில் அப்பா. தேஜ்மாலின் பதினாலு தலைமுறையையும் மூச்சுவிடாமல் பாடி முடித்திருந்தார். அதை ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டின் முதல் பி.ஏ. இதற்குத்தான் பயன்பட்டது.

தேஜ்மால் சிரித்தார். "பி.ஏ. படிச்சா நாக்கும் நீளுமா? ஒட்டகம் வேணும்னா கேளு, தர்றேன்."

"கட்ட இடமில்லை. நீங்க பொறந்தன்னைக்கு இந்த வாசல்ல பாடினவர் பேரைச் சொல்லுங்க. சொன்னா நாளைக்கும் வர்றேன். இல்லேன்னா இன்னையோட சரி."

"தரியா, விடும்மா," என்றார் அப்பா.

என்ன தகராறு என்று பயணிகள் கேட்டார்கள். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். எல்லோரும் தேஜ்மாலைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவினார்.

"பூரா... பூரா கான்தானே?"

இல்லை. லூணா கான். நான் வாய் திறப்பதற்குள் அப்பா கைகூப்பினார். "ஆமா ஹுக்கும், பூரா கானேதான். என்ன ஞாபகம் உங்களுக்கு!"

பயணிகள் கைதட்டினார்கள்.

பிறத்தியான் முகம் சுண்டக் கூடாதென்று பெற்ற தகப்பன் பெயரையே மாற்றிவிட்டார். பதினாலு தலைமுறையில் ஒரு பெயர் பிசகினால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிற மனுஷர்.

"லூணா கான்," என்றேன் ஆங்கிலத்தில். "இவர் சொன்னது தப்பு. என் அப்பா சொன்னது பொய்."

கைதட்டல் நின்றது.

எங்கள் ஆட்களுக்கு ஓர் உரிமை உண்டு. புரவலன் கேவலப்படுத்தினால் அவன் வாசலில் தலைப்பாகையைப் புதைத்துவிட்டுப் போகலாம். அதன்பின் எங்களவர் யாரும் அந்த வீட்டில் பாட மாட்டார்கள்.

"தலைப்பாகையைக் குடுங்கப்பா."

அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி இதெல்லாம்? அவர் நல்லவருடி."

"நல்லவர்தான். உங்களை யாருன்னுதான் தெரியாது."

தலைப்பாகைக்குப் பதிலாக என் முக்காட்டை உருவினேன். தேஜ்மால் எழுந்துவிட்டார். "ஏய், தலையை மூடு! யார் முன்னால நிக்கிறேன்னு தெரியுதா?"

"பதினாலு தலைமுறையும் தெரியும், ஹுக்கும்."

அவர் வாசல் முழுக்கக் கல். புதைக்கப் பிடி மண் இல்லை. கோட்டைக் கதவுக்கு வெளியே மணல் குவிந்து கிடக்கிறது. அவரும் அந்த வழியாகத்தான் போய் வர வேண்டும். முக்காட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வெறுந்தலையோடு கீழே இறங்கி நடந்தேன்.