விலியாமியின் பெயர் எழுதிய கேக்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வாழைப்பழக் கேக்கில். கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் மழை, ரயில் என்று ஏதாவது அளப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெலிங்டனில் கப்பல் டிக்கெட் விற்கும் ஓர் அலுவலகத்துக்கு, வெள்ளிக்கிழமை பத்து மணித் தேநீருக்கு வந்த கேக் அது. அந்த வாரம் யார் தப்புச் செய்தாரோ அவர்தான் வாங்கிவர வேண்டும், மேலே கிரீமில் தன் பெயரை எழுதியிருக்க வேண்டும். தின்று முடித்தால் தப்பும் தீர்ந்தது. அப்புறம் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "தரவுத்தளம் என்பது..." [வேண்டாம். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.]

இரண்டாம் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே பலத்த காற்று—" [வெலிங்டனில் காற்று அடிக்காத நாள் வந்தால் எழுதலாம்.]

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். கோடை முன்பதிவு திறக்கும் நாளில் கூட்டம் தாங்காமல் அந்த அலுவலகத்தின் தரவுத்தளம் வருஷா வருஷம் படுத்துவிடும். அதற்கு விலியாமி என்ற டோங்கா தீவுக்காரன் ஒரு வழி சொன்னான். தகவலைப் பல கணினிகளில் பிரித்து வைப்போம், கூட்டம் கூடக் கூடக் கணினியையும் கூட்டுவோம் என்றான். அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு கணினிக்கும் நோடு என்று பெயர். இது பலிக்குமா என்று சோதிப்பது கிர்ஸ்டியின் வேலை. இன்னொரு கணினியை வைத்துப் பொய்ப் பயணிகளை அனுப்பிப் பார்த்தாள். மூன்று நோடுகள், நொடிக்கு நாற்பதாயிரம் பேர். ஆறாக்கினாள், அதே நாற்பதாயிரம். ஒன்பதாக்கினாள், அதேதான்.

"அப்ப மூணுக்கும் ஒன்பதுக்கும் ஒரே கதைதானா?" என்றார் மேலாளர் கிரெயம்.

"வரைபடத்துல கோட்டைப் பாருங்க. படுத்த படுக்கையா கிடக்கு" என்றாள் கிர்ஸ்டி.

விலியாமி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கயோ இடிக்குது. ஆனா கிர்ஸ்டி சோதிச்சா சரியாத்தான் இருக்கும்."

"அப்ப இந்த வாரம் கேக் உன்னோடது" என்றார் கிரெயம்.

3

கேக் வந்தது. "எம்பேரை வீணாக்காம தின்னுங்கப்பா" என்று விலியாமியே வெட்டிக் கொடுத்தான். கிர்ஸ்டி இரண்டு துண்டு தின்றாள். (எண்ணிக்கை எப்படித் தெரியும் என்கிறீர்களா? கதாசிரியருக்குத் தெரியாதா என்ன? பேசாமல் படியுங்கள்.)

தட்டைக் கழுவும்போது கிரெயம் அவளிடம் மட்டும் சொன்னார். "ஒரே பெரிய கணினியா வாங்கிடலாம். விலியாமி ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கப் போறதில்ல. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கையெழுத்து."

4

கையெழுத்துக்கு முதல் நாள், வியாழக்கிழமை, சோதனைக் கணினிகளை அணைக்கப் போனவள் சும்மா எட்டிப் பார்த்தாள். கடைசிச் சோதனையில் ஒன்பது நோடுகளும் முக்கால்வாசி நேரம் ஈயோட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. பொய்ப் பயணிகளை அனுப்பிய கணினிதான் நுரை தள்ளியிருக்கிறது. அதனால் அனுப்ப முடிந்ததே நாற்பதாயிரம்தான். சமையலறையில் ஆளைக் கூட்டிக்கொண்டே போய்விட்டு, ஆர்டர் சீட்டு கொண்டுவர ஒரே ஒருவனை விட்ட மாதிரி.

அனுப்புகிற கணினியை நான்காக்கி மறுபடி ஓட்டினாள். மூன்று, ஆறு, ஒன்பது நோடுகளுக்கு முறையே நாற்பத்தைந்து, எண்பத்தாறு, நூற்றிருபத்தைந்து ஆயிரம். கோடு படியேறிப் போனது. விலியாமி சொன்னது சரி.

5

இங்கே கிர்ஸ்டி மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. சோதனை செய்வதில் அந்த அலுவலகத்திலேயே கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள். அந்தப் பேரை அவளே கேக் மேல் எழுதுவாளா? மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: வெள்ளிக்கிழமை எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். அலுவலகமே கைதட்டு— [அந்த அலுவலகத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள். தலையைக் குனிந்து தேநீர் குடிப்பார்கள்.]

இரண்டு: புது வரைபடத்தை, கணினி ஏதோ கோளாறு செய்துவிட்டது என்ற பொய்யோடு அனுப்புகிறாள். விலியாமிக்கு வேலை மிஞ்சும், அவளுக்குப் பேரும் மிஞ்சும். [எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. பிடித்ததாலேயே நம்ப முடியவில்லை.]

மூன்று: புது வரைபடத்தை அழிக்கிறாள். கிரெயம் கையெழுத்துப் போடுகிறார். மாதக் கடைசியில் விலியாமி எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போகிறான். அவளிடம் வரும்போது, "உன் சோதனை இல்லேன்னா பெரிய தப்பு நடந்திருக்கும்" என்கிறான்.

மூன்றாவதில் என் கற்பனை எதுவும் இல்லை. இரண்டு துண்டு என்று எப்படித் தெரியும் என்று இப்போது கேளுங்கள். தட்டு என் கையில் இருந்தது.

6

ஆகவே கிர்ஸ்டி என்று ஒருத்தியை உண்டாக்கி, என்னால் முடியாததை அவள் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு பேக்கரியில் கொண்டுபோய் நிறுத்தினேன். கேக் தயார்.

"பேர் என்ன எழுதட்டும்மா?" என்கிறாள் கடைக்காரி, கிரீம் பையை அழுத்தப் போகிறவள்.

கிர்ஸ்டி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். அவள் பெயர் செல்லாது, நான் வைத்த பெயர்தானே அது. என் பெயரை எழுத ஒன்பது வருஷமாகக் கை வரவில்லை. இந்தக் கதையைத் தமிழில் எழுதியதே விலியாமி படித்துவிடக் கூடாது என்றுதான்.

உங்களில் யாருக்காவது அவனைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து சொல்லிவிடாதீர்— [அடித்துவிட்டேன்.] சொல்லிவிடுங்கள்.